சம்பளம் இல்லாத கடைசி ஸ்டேஷன்

வணக்கம் நேயர்களே. நான் பெரிய படிப்பாளி எல்லாம் இல்லீங்க, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காருக்கு சீட் செய்யற ஒரு கம்பெனில 22 வருஷம் லைன்ல நின்னவன், ஃபோம் மாட்டி, போல்ட் முடுக்கி, கடைசில சூப்பர்வைசர் ஆகி ரிட்டயர் ஆனவன். கன்வேயர் பெல்ட்ட பத்தி பேசுங்கன்னு கூப்ட்டாங்க. ஃபேக்டரி பெல்ட் இல்ல, நீங்க கடையிலயும் ஏர்போர்ட்லயும் பாக்கற பெல்ட்டு.

மொதல்ல ஒரு கல்யாணப் பந்திய நெனச்சுக்கங்க. இலை நகராது, நாமளும் நகர மாட்டோம், பரிமாறறவங்கதான் வரிசையா வருவாங்க, உப்பு, ஊறுகா, கூட்டு, பொரியல், சாதம், அதுக்கப்புறம் சாம்பார் வாளி. சாம்பார் வாளி அந்தப் பக்கம் போயிருச்சுன்னா அவ்ளோதான், கைய ஆட்டி ஆட்டி கூப்பிடணும், அதுக்குள்ள ரசம் வந்து நிக்கும். 1913 வரைக்கும் ஃபோர்டு கம்பெனில காரும் இந்த மாதிரிதான் செஞ்சாங்க, சேஸி, அதாவது காரோட அடிச்சட்டம், ஒரே எடத்துல நிக்கும், ஆளுங்க கைல சாமானோட வந்து அவங்கவங்க வேலைய முடிச்சிட்டு அடுத்த வண்டிக்கு போவாங்க. அந்த வருஷம் மிச்சிகன்ல ஹைலேண்ட் பார்க் ஃபேக்டரில என்ன பண்ணாங்கன்னா, ஆள நிக்க வெச்சு இலைய நகர விட்டுட்டாங்க. சிகாகோ கறிக்கூடத்துல மாட்ட கொக்கில தொங்க விட்டு ஆளுக்கு ஒரு துண்டா வெட்டுவாங்க, அத பாத்துட்டு வந்து திருப்பிப் போட்டதுதான், அங்க பிரிக்கறாங்க, இங்க சேக்கறாங்க. பன்னெண்டரை மணி நேரம் புடிச்ச வேலை சில மாசத்துல 93 நிமிஷத்துக்கு வந்துருச்சு.

ஆனா ஆளுங்க நிக்கல. ஒரே போல்ட்ட நாள் பூரா முடுக்கறது எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும், ராத்திரி தூக்கத்துல கூட கை அதே மாதிரி திரும்பும். கொத்து கொத்தா வேலைய விட்டு ஓடுனாங்க, அதனாலதான் 1914 ஜனவரில நாளைக்கு 5 டாலர், 8 மணி நேரம்னு ஃபோர்டு அறிவிச்சாரு. தர்மத்துக்கு குடுக்கல, லைன்ல நிக்கணும்னா அதுக்குன்னு தனியா காசு குடுத்தாதான் ஆள் நிக்கும்னு தெரிஞ்சு போச்சு. இத கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க.

ட்ரெயினிங்குக்காக கம்பெனில என்னைய ஒரு தடவ ஜப்பான் அனுப்புனாங்க. அங்க ஒரு நாள் பெல்ட்டுல ஓடற சுஷி கடைக்கு கூட்டிட்டு போனாங்க, சுஷின்னா சோத்து உருண்டையோட பெரும்பாலும் பச்ச மீன் வெச்சுத் தர்ற ஜப்பான் சாப்பாடு. பச்ச மீன் எனக்கு எறங்காது, அதனால வெள்ளரிக்கா வெச்ச சோத்து உருண்டை எப்ப வரும்னு பெல்ட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒரு ஆக்டோபஸ் தட்டு எம் முன்னாடி எத்தன தடவ வந்துட்டு போச்சுன்னு கணக்கே இல்ல, யாரும் சீந்தல, பாவமா இருந்துச்சு.

இத கண்டுபுடிச்சவரு யோஷியாகி ஷிராய்ஷின்னு ஒருத்தர். சின்ன சுஷி கடை வெச்சிருந்தாரு, வேலைக்கு ஆள் கெடைக்கல. அசாஹி பீர் ஃபேக்டரில பாட்டில் பெல்ட்டுல வரிசையா போறத பாத்திருக்காரு, அஞ்சு வருஷம் மண்டைய ஒடச்சு 1958ல ஒசாகா பக்கத்துல ஹிகாஷி ஒசாகால மொத கடைய தொறந்தாரு. வேகம் மட்டும் பெரிய ஆராய்ச்சி, நொடிக்கு 8 சென்டிமீட்டர்ல வந்து நின்னுச்சு. மெதுவா ஓடுனா சாப்பிட வந்தவன் சலிச்சுப் போவான், வேகமா ஓடுனா எடுக்க பயப்படுவான். எங்க லைன்லயும் இதே சண்டைதான் தெனமும்.

நான் சாப்பிட்டத விட குனிஞ்சு பெல்ட்ட பாத்ததுதான் அதிகம். நேர் பெல்ட்டு மூலைல திரும்பாது, அதனால பிறை வடிவத்துல தகடு தகடா அடுக்கி செயின்ல கோத்திருக்காங்க, திரும்பும்போது ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டு போகும். அடுத்த தடவ ஏர்போர்ட்ல பெட்டிக்கு நிக்கும்போது கீழ பாருங்க, அங்கயும் அதே பிறைதான். அதுல நைலான் கயிறு கட்டுன அட்டைப்பெட்டி, மார்க்கர்ல எழுதுன பேரு, பச்ச ரிப்பன் கட்டுன கறுப்பு சூட்கேஸ், அதே ரிப்பன் கட்டுன இன்னொரு கறுப்பு சூட்கேஸ்...

சரி, விஷயம் என்னன்னா, ஷிராய்ஷி கண்டுபுடிச்ச இந்த மாதிரி கடைல சர்வர் வேலைய செஞ்சது பெல்ட்டு இல்லீங்க, நான்தான். தட்டு வருதான்னு பாக்கறது நான், எடுத்து வெக்கறது நான். ஃபேக்டரி லைன்ல ஒவ்வொரு ஆளும் நிக்கற எடத்த ஸ்டேஷன்னு சொல்லுவோம், இங்க கடைசி ஸ்டேஷன்ல நிக்கறது நான், ஃபோர்டு குடுத்த மாதிரி சம்பளமும் கெடையாது. குரா சுஷின்னு ஒரு செயின் இருக்கு, அங்க சாப்பிட்ட தட்ட நாமளே மேசைலயே ஒரு ஓட்டைல போடணும், அஞ்சு தட்டு போட்டா திரைல ஒரு விளையாட்டு ஓடும், அதிர்ஷ்டம் இருந்தா ஒரு பொம்மை விழும். டேபிள் க்ளீன் பண்ணதுக்கு கூலி பொம்மை, அதுவும் குலுக்கல்ல! கெட்டிக்காரப்பய வேலை.

2023ல ஒரு கடைல ஒரு பையன் சோயா சாஸ் பாட்டில நக்கி வீடியோ போட்டு பெரிய ரகளை ஆயிருச்சு, அதுக்கப்புறம் நெறைய எடத்துல சும்மா சுத்தற பெல்ட்ட நிறுத்திட்டு ஆர்டர் பண்ணா மட்டும் நேரா வர்ற மாதிரி மாத்திட்டாங்க. அந்த ஆக்டோபஸ் தட்டுக்கு இனிமே அலைச்சல் இல்ல.

மளிகைக் கடைலயும் இதே கததான். அண்ணாச்சி கடைல சீட்டக் குடுத்துட்டு நின்னா பொட்டலம் கட்டி வரும். 1916ல அமெரிக்கால மெம்ஃபிஸ்ல பிக்லி விக்லின்னு ஒரு கடை வந்துச்சு, நீயே கூடைய எடு, நீயே உள்ள போய் பொறுக்குன்னு விட்டது அங்கதான். 1974 ஜூன் 26ல ஒஹாயோல ட்ராய்ங்கற ஊர்ல ஒரு சூயிங்கம் பாக்கெட்டுதான் மொதமொதல்ல பார்கோடு வெச்சு பில் ஆச்சு, அதுக்கப்புறம் கவுண்டர் பெல்ட்டு வேகம் எங்கயோ போயிருச்சு.

எம் பொண்ணு ஜெர்மனில இருக்கா. அங்க கடைல பில் போடறவங்க உக்காந்துகிட்டே போடுவாங்க, சாமான் பறந்து வரும், வாங்கற நாமதான் நின்னுகிட்டு ஓடணும். மொத தடவ மாட்டிகிட்டேன், தக்காளி மேல அரிசி மூட்ட, முட்ட எங்கயோ, பின்னாடி வரிசைல நிக்கறவங்க என்னையே பாக்கறாங்க, எங்க லைன்ல மொத நாள் நின்னப்ப கூட அப்படி வேர்க்கல.

அடுத்த வாரம் திட்டம் போட்டு போனேன். பெல்ட்டுல மொதல்ல அரிசி, உருளக்கெழங்கு, எண்ணெய், நடுவுல பருப்பு டப்பா, கடைசில தக்காளி, முட்ட, பிரட்டு. பார்கோடு எல்லாம் ஒரே பக்கம் பாத்த மாதிரி திருப்பி வெச்சேன். வண்டில வரிசையா போய் உக்காந்துச்சு, ஒரு கை கூட தடுமாறல. அந்தம்மா நிமிந்து பாத்து சிரிச்சிட்டு டாங்கே, அதாவது நன்றின்னாங்க, எனக்கு ஒரே பெருமை.

பொண்ணு பில்ல வாங்கிட்டு கேக்கறா, "ஏம்ப்பா, உங்களுக்கு ஷிஃப்ட் இன்னும் முடியலயா?"

நன்றி, வணக்கம்.