பெயரில் ஓர் எழுத்து, பதக்கத்தில் ஒரு வரி: அமெரிக்க முன்னாள் படைவீரரின் பணிப்பதிவைத் திருத்துவது எப்படி?

[திரையில்: மடிப்பு விழுந்த ஒரு பழைய தாள். முதல் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம்.]

வணக்கம். அமெரிக்கப் படைகளில் முழுநேரப் பணியை முடித்து வெளியேறுபவரின் கையில் ஒரு சான்றிதழ் கொடுக்கப்படுகிறது. அதற்கு டிடி 214 என்று பெயர். 1950-ல் இந்தப் படிவம் வருவதற்கு முன்பு ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்கென ஒரு படிவத்தை வைத்திருந்தது. முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனையில் சேரவும், வீட்டுக்கடன் பெறவும், அரசு வேலையில் முன்னுரிமை கோரவும், இறந்த பிறகு தேசியக் கல்லறையில் இடம் பெறவும் முதலில் கேட்கப்படுவது இந்தத் தாள்தான். இப்போதைய படிவத்தின் முதல் கட்டத்தில் பெயர் இருக்கும். பதின்மூன்றாம் கட்டத்தில் பெற்ற பதக்கங்களும் வில்லைகளும் இருக்கும். இந்த இரண்டு கட்டங்களில் பிழை இருந்தால் அதை எப்படித் திருத்துவது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

பெயர்ப்பிழையும் பதக்கம் விடுபடுவதும் வெவ்வேறு சிக்கல்களாகத் தோன்றும். பல நேரங்களில் இரண்டும் ஒன்றே. போர்க்காலத்தில் ஒரு பதக்கம் ஓர் ஆணையின் வழியாக வழங்கப்படுகிறது. அந்த ஆணை பெரும்பாலும் ஒரு பட்டியலாக இருக்கும். ஒரு வரிக்கு ஒருவர் வீதம் பெயர், பதவி, படை எண் ஆகியவை தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அதன் நகலை ஒவ்வொருவருடைய கோப்பிலும் சேர்க்க வேண்டியவர் ஓர் எழுத்தர். ஆணையில் ஒருவிதமாகவும் கோப்பில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால், அந்த நகல் உரியவரின் கோப்பைச் சென்றடையாமலே போகக்கூடும். எனவே பதக்கத்தைத் தேடுவதற்கு முன்பு, தந்தையோ தாத்தாவோ படையில் எந்தெந்த எழுத்துக்கூட்டலில் அறியப்பட்டார் என்பதைத் தேடுவது நல்லது.

பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் இன்னொரு பெயரும் வைத்திருக்கும் நமக்கு இது புதிய செய்தியல்ல. 2008-ல் அறிவிக்கப்பட்ட மாவ்னி என்ற திட்டத்தின்கீழ், நிரந்தரக் குடியுரிமை அட்டை இல்லாத வெளிநாட்டவரும் மொழித்திறனுக்காக அமெரிக்கப் படையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லாமல் தலைப்பெழுத்தோடு வளர்ந்த ஒருவர், தந்தையின் பெயரைக் குடும்பப்பெயருக்கான கட்டத்தில் நிரப்பும்போது என்னவெல்லாம் இடம் மாறும் என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

[திரையில்: ஒரே படை எண்ணுக்கு எதிரே மூன்று விதமாக எழுதப்பட்ட ஒரு பெயர்.]

எழுத்துகள் மாறினாலும் எண் மாறுவதில்லை. தரைப்படையும் விமானப்படையும் 1969 ஜூலை 1 வரையிலும், கடற்படையும் மரைன் படையும் 1972 தொடக்கம் வரையிலும் தனிப் படை எண்களைப் பயன்படுத்தின. அதன் பிறகு, ஒவ்வொருவருக்கும் அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணே அடையாளமாயிற்று. ஆணையிலுள்ள எண்ணும் சான்றிதழிலுள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், பெயரில் ஓர் எழுத்து பிசகியிருப்பதை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். விண்ணப்பத்தில் முதலில் காட்ட வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான்.

பெயர்ப்பிழைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. தட்டச்சுப் பிழை எளிது. பிறப்புச் சான்றிதழையும் படையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்தாலே போதும். வேறொரு பெயரில் படையில் சேர்ந்தவர்களின் நிலை சற்றுக் கடினம். வயது குறைவு என்பதை மறைக்க அண்ணனின் சான்றிதழைக் காட்டிச் சேர்ந்தவர்கள், வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள், புலம்பெயர்ந்த பெற்றோரின் நீண்ட பெயரைச் சுருக்கிக்கொண்டவர்கள் எனப் பலர் இருந்தார்கள். இரண்டு பெயர்களுக்கும் உரியவர் ஒருவரே என்பதை இவர்கள் கைரேகை, கையெழுத்து, உடன் வாழ்ந்தவர்களின் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைக் கொண்டு நிறுவ வேண்டும்.

பணியிலிருந்து விலகிய பிறகு திருமணத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஏமாற்றம் ஏற்படுகிறது. பணிப்பதிவு என்பது அன்று நடந்ததன் வரலாறு, அன்று இருந்த பெயரே அதில் இருக்க வேண்டும் என்பது படைகள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள நிலைப்பாடு. 2014-ல் திருநர்களான இரண்டு முன்னாள் வீரர்களின் சான்றிதழில் புதிய பெயரைப் பதிவுசெய்ய பணிப்பதிவுகளைத் திருத்தும் அதிகாரம் கொண்ட தரைப்படையின் திருத்த வாரியம் ஒப்புக்கொண்டது. பழைய பெயரைக் கொண்ட சான்றிதழை ஒவ்வொரு இடத்திலும் நீட்டுவதே அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியாகிறது என்ற வாதம் அங்கே எடுபட்டது. திருமணத்தால் பெயர் மாறிய ஒருவர், பழைய சான்றிதழோடு திருமணப் பதிவையும் இணைத்துக் காட்டுவது பெரும்பாலான அலுவலகங்களில் போதுமானதாக இருக்கும். தேவையில்லாத இடத்தில் திருத்தம் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இனி பதக்கங்களுக்கு வருவோம். உரிமையால் வரும் பதக்கம் வேறு, பரிந்துரையால் வரும் பதக்கம் வேறு. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் பணியாற்றிய அனைவருக்கும் உரியது முதல் வகை. அதை யாரும் முடிவுசெய்து தர வேண்டியதில்லை. பணியாற்றியது உண்மை என்று தெரிந்தால் போதும். இவற்றில் பல, வீரர் வீடு திரும்பிய பிறகு உருவாக்கப்பட்டவை. கொரியாவில் 1954 ஜூலை 28-க்குப் பிறகு பணியாற்றியவர்களுக்கான பாதுகாப்புப் பணிப் பதக்கத்துக்கு 2002-ல்தான் சட்டம் வந்தது. போர்க்கைதிகளுக்கான பதக்கம் 1985-ல் உருவாக்கப்பட்டு, 1917 வரை பின்னோக்கி நீட்டிக்கப்பட்டது. வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுகளுக்குத் தென்வியட்நாம் அரசு வழங்கிய வீரச் சிலுவைப் பாராட்டு, 1974-ல் வெளியான ஒரு பொது ஆணையால் ஒட்டுமொத்தமாக உறுதி செய்யப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் போர்க்களக் காலாட்படை வில்லை பெற்றவர்கள் வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கும் உரியவர்கள் என்ற முடிவு 1947-ல் எடுக்கப்பட்டது. 1945-ல் வீடு திரும்பி வயலுக்கோ தொழிற்சாலைக்கோ போய்விட்ட ஒருவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? அவருடைய சான்றிதழில் அந்த வில்லை மட்டும் இருக்கும், பதக்கம் இருக்காது. பல குடும்பங்கள் இன்றும் அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் தாளை மடித்து வைத்திருக்கக்கூடும்.

எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கு வழங்கப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் உரிமையால் வருவதே. ஆனால் அதற்கு மூன்று செய்திகள் மெய்ப்பிக்கப்பட வேண்டும்: காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டது, அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டது, அந்தச் சிகிச்சை அலுவல்முறையில் பதிவு செய்யப்பட்டது. இந்த மூன்றாவதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள்.

[திரையில்: ஹென்றி ஜான்சன் பணியாற்றிய 369-ஆம் காலாட்படைப் பிரிவின் ஒரு புகைப்படம்.]

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகர ரயில் நிலையத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்த ஹென்றி ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர், 1918 மே மாதத்தில் பிரான்சின் ஆர்கோன் காட்டுப் பகுதியில் இரவுக் காவலில் இருந்தபோது, ஜெர்மானியர்களின் திடீர்த் தாக்குதலை எதிர்த்து, குண்டுகள் தீர்ந்தபின் கத்தியால் போரிட்டு, காயமுற்றிருந்த தன் தோழர் நீடம் ராபர்ட்ஸை எதிரிகள் இழுத்துச் செல்லாமல் காப்பாற்றினார். அவர் உடலில் 21 காயங்கள் ஏற்பட்டன. பிரெஞ்சு அரசு தன் போர்ச் சிலுவையை அவருக்கு அணிவித்தது. அவருடைய சொந்த நாட்டின் விடுவிப்பு ஆவணத்திலோ அந்தக் காயங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 1929-ல் அவர் இறந்தார். பர்ப்பிள் ஹார்ட் இன்றைய வடிவில் தொடங்கப்பட்டதே 1932-ல் என்பதால், உயிரோடு இருக்கும்போது அவர் அதைக் கேட்டிருக்கவும் முடியாது. 1996-ல் அந்தப் பதக்கமும், 2002-ல் தரைப்படையின் இரண்டாவது உயரிய விருதும், 2015 ஜூன் 2-ஆம் தேதி அதிபர் ஒபாமாவின் கையால் மெடல் ஆஃப் ஹானர் என்ற மிக உயரிய விருதும் அவர் பெயருக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கடைசிக் கட்டத்தைத் திறந்துவிட்ட சான்று, சம்பவம் நடந்த சில நாட்களிலேயே அந்தப் போரில் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி பெர்ஷிங் அனுப்பிய ஒரு செய்திக்குறிப்பு. அதை ஒரு செனட்டரின் அலுவலகத்தினர் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஜான்சனின் சொந்தக் கோப்பில் இல்லாதது இன்னொருவரின் தாளில் இருந்திருக்கிறது.

இத்தகைய வீர விருதுகள் பரிந்துரையால் மட்டுமே வருபவை. தகுதியானவர் என்று தெரிந்திருந்தும் அந்தக் காலத்தில் யாரும் பரிந்துரைக்கவில்லை என்றால், அதைப் பதிவுப்பிழை என்று சொல்லித் திருத்தக் கேட்க முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலமாக, காலம் கடந்த பரிந்துரையைப் பரிசீலிக்கும்படி அனுப்ப வேண்டும். நேரில் கண்டவர்களின் சாட்சியமும் தேவைப்படும்.

[திரையில்: எரியும் கட்டடம். எழுத்து: 1973 ஜூலை 12.]

கோப்பில் இல்லாததைப் பற்றிப் பேசும்போது செயின்ட் லூயிஸ் தீ விபத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த நகரை ஒட்டியுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது தளத்தில் பற்றிய தீ, ஏறத்தாழ 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகளை அழித்தது. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 விழுக்காடு போய்விட்டது. 1947 முதல் 1964 தொடக்கம் வரை விடுவிக்கப்பட்ட விமானப்படையினரில், அகர வரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் 75 விழுக்காடு போயிற்று. பெயரின் முதல் எழுத்து எதுவாக இருந்தது என்பதே ஒருவரின் வரலாறு மிஞ்சுமா எரியுமா என்பதைத் தீர்மானித்திருக்கிறது. படிகளோ நுண்படச்சுருளோ எடுத்து வைக்கப்படவில்லை.

ஆனால் 'எரிந்துவிட்டது' என்ற பதிலோடு திரும்பிவிடக் கூடாது. படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கைகளில் யார் காயமுற்றார், யார் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார் என்ற விவரங்கள் உண்டு. கடைசிச் சம்பளச் சீட்டுகள், மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்புகள், மாநில அரசுகளின் போர் ஊக்கத்தொகைக் கோப்புகள், நலத்துறையில் முன்பே கொடுத்த விண்ணப்பங்கள் ஆகியவை வேறு கட்டடங்களில் இருந்ததால் தப்பின. இவற்றைக் கொண்டு மையமே பணி விவரத்தை மீட்டமைத்துச் சான்று வழங்குகிறது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் மூலச் சான்றிதழ், மாவட்ட அலுவலகத்தில் எப்போதோ பதிவு செய்த நகல், போர்க்களத்திலிருந்து வந்த கடிதம் எல்லாமே இங்கே பயன்படும்.

நடைமுறை இதுதான். முதலில் எஸ்எஃப் 180 என்ற படிவத்தில், அல்லது இணையவழியில், முழுக் கோப்பின் நகலைக் கேளுங்கள். வீரர் இறந்திருந்தால் மறுமணம் செய்யாத வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர் கேட்கலாம். விடுவிக்கப்பட்டு 62 ஆண்டுகள் கடந்த கோப்பு எவருக்கும் திறந்தது. ஆணை கோப்பிலேயே இருந்து சான்றிதழில் மட்டும் விடுபட்டிருந்தால், அவர் பணியாற்றிய தரைப்படையோ கடற்படையோ, உரிய படையே டிடி 215 என்ற திருத்தத் தாளை வழங்கிவிடும். பழைய சான்றிதழை அடித்து எழுதுவதில்லை. அதனுடன் சேர்த்து வைக்க இன்னொரு தாள் வருகிறது.

அதற்கு வழியில்லாதபோதுதான் திருத்த வாரியம். 1946-க்கு முன்பு இத்தகைய திருத்தங்களுக்காக நாடாளுமன்றமே தனி நபர் பெயரில் மசோதா நிறைவேற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுமையைத் தாங்காமல் அவ்வாண்டுச் சட்டத்தின் மூலம் அந்த வேலை, குடிமக்களைக் கொண்ட வாரியங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. டிடி 149 என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, முன்னாள் வீரர் சங்கங்கள் இலவசமாக உதவுகின்றன. பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றாலும், நீதியின் பொருட்டு அந்த வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. தாமதத்துக்கான காரணத்தைத் தவறாமல் எழுதுங்கள். பதிவில் இருப்பது சரியானது என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்கும். மாற்றிச் சொல்பவரே மெய்ப்பிக்க வேண்டும். ஆகையால் தாத்தாவின் தியாகத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவதைவிட, எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, அதற்குப் பதிலாக என்ன இருக்க வேண்டும், அதற்கான தாள் எது என்று நான்கு வரி எழுதுவது பலன் தரும். முடிவு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். மறுக்கப்பட்டால், புதிய சான்றுடன் மறுபரிசீலனை கோரலாம்.

[திரையில்: டிடி 214, அதன்மேல் இணைக்கப்பட்ட டிடி 215.]

திருத்தத் தாள் கையில் கிடைத்ததும் பழைய சான்றிதழோடு இணைத்து வையுங்கள். மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்ய விரும்பினால், அங்கே அது பொது ஆவணமாகிவிடுமா, சமூகப் பாதுகாப்பு எண் வெளியே தெரியுமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதற்கும் முன்னதாக, புதிய தாளில் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.