லா பாஸ்: ஆசைகளை உள்ளங்கை அளவில் விற்கும் சந்தை

[காட்சி: மலைச்சரிவெங்கும் செங்கல் வீடுகள், அவற்றின் மேலே நகரும் கேபிள் கார்கள்]

வணக்கம். ஜனவரி 24ஆம் தேதி நண்பகல் நெருங்கும் வேளையில் பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் இருந்தால், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மக்கள் சந்தைக்கு விரைவதைப் பார்க்கலாம். அவர்கள் வாங்கப் போவது தீப்பெட்டி அளவிலான வீடு, கட்டைவிரல் அளவிலான கார், கைக்குள் அடங்கும் பட்டச் சான்றிதழ், கட்டுக்கட்டாகக் குட்டி டாலர் நோட்டு. இந்த விழாவின் பெயர் அலசிட்டா. அங்குள்ள பழங்குடி மக்களான அய்மாராக்களின் மொழிச் சொல்லான இதற்கு ‘என்னை வாங்கிக்கொள்’ என்று பொருள் சொல்கிறார்கள்.

[காட்சி: குட்டிப் பொருள்கள் நிறைந்த தட்டின் மேல் புகை படர்கிறது]

இந்த ஆண்டில் எது கைகூட வேண்டுமோ, அதன் சிறு உருவத்தைச் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வாங்க வேண்டும். வாங்கியதை யாத்திரி எனப்படும் அய்மாரா பூசகரிடம் கொடுத்தால், அவர் தூபம் காட்டி, மதுவும் பூவிதழ்களும் தூவி வாழ்த்தித் தருவார். அதையே கையோடு தேவாலயத்துக்கும் எடுத்துச் சென்று, பாதிரியாரிடம் புனித நீர் தெளித்து வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் முரண் இருப்பதாக அங்கே யாரும் கருதுவதில்லை. வரன் தேடும் பெண்ணுக்குச் சேவல் பொம்மையும் ஆணுக்குப் பெட்டைக்கோழி பொம்மையும் பரிசாகக் கொடுப்பது இந்த விழாவின் குறும்பான வழக்கம்.

விழாவின் நாயகன் எகேகோ. மீசை வைத்து, கைகளை விரித்து, உடம்பெல்லாம் மூட்டை முடிச்சுகளைச் சுமந்து நிற்கும் இந்தச் செழிப்புத் தெய்வத்தின் வாயில் சிகரெட் ஒன்றைச் செருகிப் பற்றவைப்பதும் வழிபாட்டில் அடக்கம். 1781இல் துபாக் கட்டாரி தலைமையில் அய்மாரா மக்கள் கிளர்ந்தெழுந்து நகரத்தை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். அது முடிந்த பிறகு, ஸ்பானிய ஆளுநர் செகுரோலா இந்தப் பழைய சடங்கை லா பாஸ் மாதாவின் திருநாளான ஜனவரி 24க்கு மாற்றினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. எகேகோவின் முன்னோடியாகக் கருதப்படும் சிறிய கற்சிலை ஒன்றை 1858இல் சூடி என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பழங்கால இடிபாடுகள் உள்ள திவானாக்குவிலிருந்து எடுத்துச் சென்றார். ஒரு புட்டி மதுவைக் கொடுத்து அதைப் பெற்றதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பெர்ன் அருங்காட்சியகம் அதைப் பொலிவியாவிடம் திருப்பித் தந்தது 2014இல்தான்.

[காட்சி: லினாரஸ் தெருவின் கடைகள்]

சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்துக்குப் பின்னால் ஏறும் தெருக்களில் இருப்பதைச் சுற்றுலா ஏடுகள் ‘சூனியக்காரிகளின் சந்தை’ என்கின்றன. அந்தப் பெயர் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை; நாட்டு மருந்தும் பூசைச் சாமானும் ஒன்றாக விற்கும் கடைகள் என்றால் சரியாக இருக்கும். வாசலில் தொங்கும், ஒட்டக இன விலங்கான லாமாவின் உலர்ந்த கருக்களைக் கண்டு பலர் முகம் சுளிக்கிறார்கள். புது வீட்டுக்கு அடித்தளம் போடும்போது, பூமித்தாயான பச்சமாமாவிடம் அனுமதி கேட்டு மண்ணுக்குள் வைக்கும் காணிக்கை அது. ‘மேசா’ என்ற படையலைக் கடைக்காரப் பெண்மணி நம் கண்ணெதிரே அடுக்குவார்: விரித்த தாளின் மேல் மூலிகை, அதன் மேல் வண்ணக் கம்பளி நூல், லாமாக் கொழுப்பு, கடைசியாக வீடு, கார் போன்ற உருவங்கள் பதித்த சர்க்கரை வில்லைகள். அதை எரித்தால் பச்சமாமா உண்பாள் என்பது நம்பிக்கை. பூமி பசித்து வாய் திறந்திருக்கும் மாதமாகக் கருதப்படும் ஆகஸ்டில் இந்தக் கடைகளில் கூட்டம் நெரியும்.

சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் ‘கசேரா’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள். ஆணாக இருந்தால் ‘கசேரோ’. வாடிக்கை உறவைக் குறிக்கும் இந்தச் சொல்லோடு ‘யாப்பா’ என்று கேட்டால், உருளைக்கிழங்கு இரண்டு கூடுதலாக விழும்; யாப்பா என்பது கொசுறுதான். ஆனால் பொயேரா எனப்படும் அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்த அந்தப் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இதே உடைக்காகச் சென்ற நூற்றாண்டில் உணவகங்களிலும் வாகனங்களிலும் அவமதிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

இன்று அந்த உடைதான் மே, ஜூன் வாக்கில் வரும் கிரான் போதெர் திருவிழாவில் வீதியை ஆள்கிறது. சந்தை வணிகர்கள் தங்கள் கைப்பணத்தைச் செலவழித்து, பித்தளை வாத்தியங்கள் முழங்க மொரேனாதா என்ற நடனத்தை ஆடிச் செல்லும் இந்த ஊர்வலத்தை 2019இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அலசிட்டா அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இடம்பெற்றுவிட்டது.

[காட்சி: மீண்டும் அலசிட்டாக் கடைகள், மாலை வெளிச்சம்]

நகரம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், முதல் நாள் கோக்கா இலைத் தேநீர் குடித்து ஓய்வெடுத்துவிட்டு மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். ஜனவரி 24ஐத் தவறவிட்டாலும் கவலையில்லை. அலசிட்டாக் கடைகள் அதன் பிறகும் சில வாரங்கள் திறந்திருக்கும். வீடும் காரும் அப்போதும் கிடைக்கும். அந்தப் பன்னிரண்டு மணிக்கு மட்டும் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.