வாழை இலையைத் தின்னும் மீன்! பண்ணைக்குட்டைக்கு மீன்தூள் தேவையா?

வாழை இலையில் மீன் வைத்துச் சாப்பிட்டிருப்பீர்கள். அந்த இலையையே தின்னும் மீனைப் பார்த்திருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணாச்சி, அக்காமாரே! களக்காட்டுப் பக்கம் தார் வெட்டியதும் எவ்வளவு இலை வீணாகக் கிடக்கிறது! பக்கத்துக் குட்டையில் புல்கெண்டை இருந்தால் அத்தனையும் தீவனம்.

முன்கதை சுருக்கம்: மீன் வளர்ப்பில் பாதிக்கு மேல் செலவு தீவனத்துக்கே. கடல் மீனைக் காயவைத்து அரைக்கும் மீன்தூள் விலை கூடுதல். கெண்டை வகைகளுக்கு அது கட்டாயம் இல்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

(காட்சி: மூங்கில் சட்டத்துக்குள் மிதக்கும் இலைத்துண்டுகள். ஓரம் ஓரமாகக் கிழிபட்டு, கடைசியில் நரம்பு மட்டும் மிச்சம்.)

1959-இல் ஹாங்காங்கிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் இந்தப் புல்கெண்டை. வாயைத் திறந்து பார்த்தால் பல் ஒன்றும் தெரியாது. பல் இருப்பது தொண்டைக்குள்! கருக்கரிவாள் மாதிரி வெட்டுவெட்டான பல். இலையை அங்கே வைத்துத்தான் அறுத்து அரைக்கிறது. இன்னொன்று கேளுங்கள்: இதற்கு இரைப்பையே கிடையாது, குடல் மட்டும்தான். நாளொன்றுக்குத் தன் எடையளவு புல்கூடத் தின்னும், ஆனால் ஏறக்குறையப் பாதிதான் செரிக்கும். மீதி கழிவாக வெளியேறித் தண்ணீருக்கு உரமாகிறது. அதில் பெருகும் நுண்ணுயிர்களை மேல்மட்டத்தில் கட்லா தின்னும், அடியில் தங்குவதை மிர்கால் மேயும். ஒரு மீனுக்குப் போட்ட இலையில் மூன்று மீன் வளர்கிறது. எனக்கு இதைவிட அழகான கணக்கு தெரியாது!

இலையை நறுக்கிப் போடுங்கள். மிச்சத்தை அள்ளிவிடுங்கள். அழுகினால் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். மருந்து அடித்த வாழை என்றால் அந்த இலை வேண்டவே வேண்டாம்.

இலை மட்டும் போதாது, புரதம் வேண்டும். நம்மூரில் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதி கலந்து போடுவார்கள். கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல். ஆனால் வளர்ச்சிக்குத் தேவையான மெத்தியோனின், லைசின் என்ற இரண்டு புரதக் கூறுகளும் அதில் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கு கொஞ்சம் சேர்த்தால் மெத்தியோனின் கிடைக்கும், சோயா சேர்த்தால் லைசின். சோயாவைப் பச்சையாகப் போடக்கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. வேகவைத்தாலோ வறுத்தாலோ அது போய்விடும்.

அப்புறம், ஈரம்பட்டுப் பூஞ்சணம் பூத்த பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். மூட்டையை வாங்கும்போதே ஒரு கட்டியை உடைத்து முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் குட்டையில் என்ன தீவனம் போடுகிறீர்கள்? அம்பாசமுத்திரமோ நாங்குநேரியோ, ஊர் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி வளர்ப்பதைப் பார்ப்போம்.