ஆடிக் கடலும் ஒரு தார்ப்பாயும்

(குளச்சலில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, வணக்கம்.

இங்கே வருமுன் வெற்றித்தூண் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஆடி மாதம். அலை அறைந்த அறையில் நீர்த்தூள் பறந்து என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. மேட்டில் ஏற்றி வைத்த வள்ளத்துக்குத் தார்ப்பாய் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள்.

1741-லும் இதே ஆடிக் கடைசிதான். ஆகஸ்ட் 10-ம் தேதி திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் இங்கே தோற்றார்கள். அந்த வெற்றியில் ராஜாவைச் சொல்கிறோம், படையைச் சொல்கிறோம். கடலைச் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. டச்சுக்காரர்களுக்குப் பலமே கப்பல்தான். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் இந்தக் கரையோரம் பாய்க்கப்பல் நங்கூரமிட்டு நிற்பதே பெரும்பாடு. அதிலிருந்து அரிசியையும் ஆளையும் சிறுபடகில் இறக்குவது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவிதாங்கூர் படை சுற்றி வளைத்தது. முகாமுக்குள் வெடிமருந்து பற்றி, சேர்த்து வைத்த அரிசியும் எரிந்தது. முன்னால் படை, பின்னால் ஆடிக் கடல். சரணடைந்தார்கள். ஜாவாவிலும் அப்போது அவர்களுக்குச் சண்டை. ஆகவே காற்று மட்டுமே ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன். அன்று பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய்தான் பிறகு நம் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

தார்ப்பாய் என்றேன் அல்லவா? 1757 ஜூன் 23, வங்காளத்தில் பிளாசிப் போர். நடுப்பகலில் மழை கொட்டியது. ஆங்கிலேயத் தளபதி கிளைவின் ஆட்கள் வெடிமருந்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். எதிரே நின்ற வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் பக்கத்தில் மருந்து நனைந்து பீரங்கிகள் அடங்கின. எதிராளிக்கும் இதே கதிதான் என்று நம்பி நவாபின் தளபதி மீர் மதன் குதிரைப்படையோடு பாய்ந்தார். ஆங்கிலேயர் பீரங்கி வெடித்தது. அவர் மாண்டார். நவாபின் சேனாபதியாயிருந்தும் ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்ட மீர் ஜாபரின் துரோகத்தை எல்லாரும் பேசுகிறோம், சரிதான். ஆனால் மீர் மதன் பாய்ந்து போன அந்த நேரம் என் மனதை விட்டுப் போவதில்லை.

அப்புறம் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் என்ற ஊர். அங்கே தபால் நிலையத்தில் மோரீன் என்ற பெண்ணுக்கு வேலை. மணிக்கு மணி காற்றழுத்தமானியைப் பார்த்துக் குறித்து அனுப்புவதும் அதில் சேர்த்தி. இரண்டாம் உலகப் போர் நேரம். 1944 ஜூன் 3, அவருக்கு 21-வது பிறந்தநாள். காற்றழுத்தம் சரசரவென்று இறங்குகிறது, புயல் வரும் அறிகுறி. குறித்து அனுப்பினார். “சரியாகப் பார்த்தீர்களா?” என்று தொலைபேசியில் கேட்டார்கள். மறுபடி பார்த்துச் சொன்னார். அந்தத் தகவலால், ஜூன் 5-ல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கவிருந்த நேச நாட்டுப் படை ஒரு நாள் பொறுத்து 6-ம் தேதி இறங்கியது. அட்லாண்டிக் பக்கத்துத் தகவல் ஜெர்மானியருக்குச் சரிவரக் கிடைக்கவில்லை. இந்தக் கடலில் எவன் வரப்போகிறான் என்று அந்தக் கரையைக் காத்த ஜெர்மன் தளபதி ரோம்மல் மனைவியின் பிறந்தநாளுக்கு ஊருக்குப் போயிருந்தார்.

மோரீன் பார்த்த வேலையை நம் கரையில் கருவி இல்லாமலே பார்த்தவர்கள் உண்டு. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். இன்று ராத்திரியே வீட்டில் தாத்தாவிடம் கேளுங்கள்: எந்தக் காற்றில் மடிவலை இறக்க மாட்டீர்கள், மேகம் எந்தப் பக்கம் கறுத்தால் திரும்பிவிடுவீர்கள் என்று. சொல்வதைச் சொன்னபடியே நோட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முதலில் அதை வாசிப்போம்.