"எவ்வளவு?" என்று கேட்ட மருத்துவப் பேராசிரியர்

(கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் மருத்துவ பீட மாணவர்களே, வணக்கம்.

"அவருக்குப் பிரஷர் இருக்கு, எனக்கு இல்லை." இப்படித்தான் நாம் கதைக்கிறோம். இரத்த அழுத்தம் 142 என்றால் நோயாளி, 138 என்றால் சுகதேகி என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்த எண்ணம் அடிப்படையிலேயே பிழை என்று 1950களிலேயே ஒரு பேராசிரியர் நிறுவிக் காட்டினார். அவர் பெயர் ஜோர்ஜ் பிக்கரிங். இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1904இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையிலும் படித்தார். இதய ஆய்வில் பேர்போன சேர் தோமஸ் லூயிஸிடம் வேலை பழகினார். 1939இல் லண்டன் சென்ற் மேரீஸ் வைத்தியசாலையில் மருத்துவப் பேராசிரியரானார். 1956இல் ஒக்ஸ்போர்ட் போனார். 1980இல் காலமானார். பட்டங்களும் பதவிகளும் இன்னும் நிறைய. அவை இருக்கட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் வேலை செய்த விதம். 1938இல் அவரும் மைரன் பிரின்ஸ்மெட்டல் என்ற அமெரிக்கரும் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் ஏறியது. அந்தச் சாற்றில் இருந்த ரெனின் என்ற பொருளை 1898இலேயே ஸ்வீடனில் கண்டுபிடித்திருந்தார்கள். பிறகு நாற்பது வருடங்கள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிக்கரிங்கின் பிரிவில் வளர்ந்த ஸ்டான்லி பியார்ட் அதே பாதையில் தொடர்ந்து போய், ரெனினால் உடலில் உண்டாகி அழுத்தத்தை ஏற்றும் அஞ்சியோடென்சின் என்ற பொருளின் அமைப்பை 1956இல் கண்டறிந்தார். இங்கே இருப்பவர்களில் எத்தனையோ பேர் காலையில் பிரஷருக்கான லொசார்டன் குளிசை போட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அது தடுப்பது இந்த அஞ்சியோடென்சினைத்தான்.

பிக்கரிங் ஆய்வுகூடத்திலேயே அடைபட்டுக் கிடந்தவரும் இல்லை. வார்ட்டில் அவர் பார்த்த நோயாளிகளில் ஒரு வகையினர் உண்டு: அழுத்தம் மிகக் கடுமையாக ஏறி, கண்ணின் விழித்திரையில் இரத்தம் கசிந்து, சிறுநீரகம் செயலிழந்து போகும் நிலை. அந்தக் காலத்தில் அவர்களில் பெரும்பாலோர் ஓர் ஆண்டுக்குள் இறந்துபோனார்கள். இது தனியான, கொடிய வேறொரு நோய் என்று பலரும் நம்பினார்கள். அழுத்தம் அளவுக்கு மீறி ஏறியதன் விளைவுதான் இது, இறக்கினால் கண்ணும் தேறும் என்றார் பிக்கரிங். நல்ல மருந்துகள் வந்தபோது அவர் சொன்னதே உண்மையானது.

அப்புறம்தான் பெரிய வாதம் கிளம்பியது. எதிரே நின்றவர் மஞ்செஸ்டர் பேராசிரியர் ரொபர்ட் பிளாட், அவரும் சாமானியர் அல்ல. உயர் இரத்த அழுத்தம் ஒரு தனி நோய், அநேகமாக ஒரே மரபணுவால் வருவது, மக்களை அளந்தால் நோயுள்ளவர், இல்லாதவர் என இரண்டு கூட்டமாகப் பிரிவார்கள் என்பது பிளாட்டின் கட்சி. பிக்கரிங் என்ன செய்தார்? வேறு வேறு காரணங்களுக்காக வைத்தியசாலைக்கு வந்த சாதாரண மக்களின் அழுத்தத்தை அளந்தார். உயர் அழுத்தமுள்ளவர்களின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் என உறவினரையும் அளந்தார். 1954இல் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு கூட்டம் எங்கேயும் இல்லை. எந்த அளவு அழுத்தம் எத்தனை பேருக்கு என்று வரைந்தால் ஒரே தொடர்ச்சியான வளைகோடு. வயது ஏற ஏற அது முழுதாக மேலே நகர்கிறது. உறவினரில் இன்னும் கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கிறது. எங்கே கோடு போட்டாலும் அது நாமாகப் போட்ட கோடுதான்.

மனிதரின் உயரத்தை நினைத்துப் பாருங்கள். நெட்டையர் இருக்கிறார்கள், குட்டையர் இருக்கிறார்கள். ஆனால் இந்த அங்குலத்தோடு குட்டை முடிந்து நெட்டை தொடங்குகிறது என்று யாராவது காட்ட முடியுமா? இரத்த அழுத்தமும் அப்படித்தான். பெற்றோர் பலவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள், சூழலும் சேர்கிறது. இன்று அழுத்தத்தோடு தொடர்புள்ள நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் தெரிந்துவிட்டன. அந்த வாதத்தில் வென்றது பிக்கரிங் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

இதை ஏற்க வைத்தியர்களுக்கு ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது? எங்களைப் பழக்கியதே அப்படி. நோய் இருக்கிறதா இல்லையா, மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். "எவ்வளவு" என்பது சங்கடமான கேள்வி, அதற்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. அந்தச் சங்கடத்தைத் தாங்கிக்கொண்டு, சகபாடிகளின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு, அளந்து அளந்து காட்டினாரே, அந்த மனத்திடத்துக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

2002இல் உலகெங்குமிருந்து 61 ஆய்வுகளின், பத்து லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களில், மேல் அழுத்தம், அதாவது இரண்டு இலக்கங்களில் முதலாவது, 115க்கு மேலே ஒவ்வொரு 20 ஏறும்போதும் மாரடைப்பாலும் பாரிசவாதத்தாலும் இறக்கும் ஆபத்து இரண்டு மடங்காகிறது. நாம் எல்லையாக வைத்த 140இல் சுவர் எதுவும் இல்லை. 2017இல் அமெரிக்கர்கள் எல்லையை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கினார்கள். முதல்நாள் சுகதேகியாகப் படுத்த கோடிக்கணக்கானோர் மறுநாள் நோயாளியாக எழும்பினார்கள். பிக்கரிங்கைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, இதனால் கொழும்பில் இருக்கும் எங்களுக்கு என்ன? இரண்டு விஷயம் சொல்கிறேன்.

2018இல் வெளியான ஓர் ஆய்வு நடந்தது நம் நாட்டு நகர வைத்தியசாலைக் கிளினிக்குகளில். பிரஷருக்கான மூன்று மருந்துகளைப் பாதி அளவில் சேர்த்து ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். 700 பேர் பங்குபற்றினார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோர் இரத்த அழுத்த இலக்கை எட்டினார்கள், வழக்கமான சிகிச்சையில் 55 வீதம். உலகம் முழுவதும் வாசித்த முடிவு அது, எங்கள் கிளினிக் வாங்கில் காத்திருந்த மக்களிடமிருந்து வந்தது. மாணவர்களே, ஆராய்ச்சி என்றால் லண்டனுக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. பெரியாஸ்பத்திரியின் பேராசிரியர் பிரிவில் நீங்கள் தினமும் செய்யும் வேலை, நோயாளியைப் பார்ப்பதும் படிப்பிப்பதும் கேள்வி கேட்பதும், பிக்கரிங் செய்த அதே வேலைதான். கஷ்டமான காலத்தில் நல்ல பிள்ளைகள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். இங்கே நின்று ஆய்வும் செய்பவர்களுக்கு இந்தச் சமூகம் தோள்கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டாவது, உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருநாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, ஒரு சின்னத் தேக்கரண்டி. கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய், அப்பளம், கடைச் சோற்றுப் பார்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. "எனக்குத்தான் பிரஷர் இல்லையே" என்பவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் வளைகோட்டில் எல்லோரும் இருக்கிறோம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிக்கரிங் உறவினரை அளந்தார் என்றேன் அல்லவா? உங்கள் கையில் கிளினிக் கொப்பி இருந்தால், அடுத்த முறை போகும்போது தம்பியையோ தங்கையையோ வளர்ந்த பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு தடவை அளக்கச் சொல்லுங்கள். இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். நன்றி, வணக்கம்.