பானையில் போட்ட கோடு

(கிராம சுகாதார செவிலியர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றின் தொடக்கத்தில் பேசியது. எழுதும்போது சில இடங்களைக் கொஞ்சம் விரித்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

விடியும் முன்பே எழுந்து, வீட்டுக்குச் சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் பயிற்சி கொடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் வயிற்றுப்போக்கு பற்றி வகுப்பு. "ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும்" என்று, பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளைப் பற்றிக் கையேட்டில் இருந்ததை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பின் வரிசையில் இருந்த ஒரு மூத்த நர்சம்மா எழுந்தார். "மேடம், எங்க ஊர்ல முக்கால்வாசி வீட்ல லிட்டர் அளவே கெடையாது. சொம்பு இருக்கு, டம்ளர் இருக்கு. ஒவ்வொரு வீட்டு சொம்பும் ஒவ்வொரு சைசு. நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "லிட்டர் என்றுதான் போட்டிருக்கிறது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் உடம்பில் உப்பு ஏறிவிடும், அது ஆபத்து. இரண்டு குடம் தண்ணீரில் கரைத்தால் மருந்துக்குப் பலனே இருக்காது. உயிரைக் காப்பாற்றுகிற தகவல் முழுவதும் அந்த "எதில், எவ்வளவு" என்பதில்தான் இருக்கிறது. அதைக் கேட்டவரைத்தான் நான் உட்கார வைத்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இதே கேள்வியை வங்காளத்தில் வேறு சிலர் சந்தித்தார்கள். அவர்கள் உட்கார வைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1971. கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய பங்களாதேஷில், போர். எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்குள் லட்சக்கணக்கில் அகதிகள். முகாம்களில் காலரா. எல்லையோரம் பொங்காவ் என்ற ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கல்கத்தாவிலிருந்து டாக்டர் திலீப் மஹலனோபிஸ் அங்கே போகிறார். கட்டில் இல்லாமல் தரையில் நோயாளிகள், தரை முழுக்க வாந்தியும் பேதியும். அதற்குள் மண்டியிட்டுத்தான் ஒவ்வொருவருக்கும் டிரிப்ஸ் போட வேண்டும். டிரிப்ஸ் பாட்டிலும் தீர்ந்துகொண்டே வருகிறது, போடத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்து வாய்வழியாகக் கொடுத்தால் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பது டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஆராய்ச்சி செய்தவர்களுக்கு அதற்குச் சில வருடங்கள் முன்பே தெரியும். ஆனால் மருத்துவமனைக்குள், டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே அதைக் கொடுக்கலாம் என்ற தயக்கம் இருந்தது. மஹலனோபிஸ் அந்தத் தயக்கத்தை விட்டார். ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம். பொட்டலம் கட்டி முகாமுக்குக் கொண்டுபோய், டிரம்மில் கரைத்து, குழாய் வைத்தார்கள். டம்ளரில் பிடித்து நோயாளி வாயில் ஊற்றியது யார்? அம்மா, அக்கா, கணவன், கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், இந்தக் கரைசலைக் கொடுத்த பிறகு சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது.

1978இல் லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகை, இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று எழுதியது. எழுதியதில் தப்பில்லை. ஆனால் லான்செட்டைப் படித்தவர்கள் யாரும் பங்களாதேஷ் கிராமத்தில் பேதியாகும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாக்கெட் வாங்க வழியில்லை. அளக்கக் கரண்டியும் இல்லை.

இங்கேதான் பிராக் என்ற பங்களாதேஷ் தொண்டு அமைப்பு வருகிறது. ஃபஸ்லே ஹசன் அபேத் ஆரம்பித்தது. கொஞ்சம் படித்த இளம் பெண்களை வேலைக்கு எடுத்து, கிராமம் கிராமமாக, வீடு வீடாக நடக்க வைத்தார்கள். பாக்கெட் கொடுக்கவில்லை. எந்த வீட்டிலும் இருக்கிற மூன்று பொருளை வைத்தே சொல்லிக் கொடுத்தார்கள்: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர்.

சிட்டிகைக்கு விரல் இருக்கிறது, பிடிக்குக் கை இருக்கிறது. அரை சேருக்கு? நம்ம நர்சம்மா கேட்ட அதே கேள்வி! அவர்கள் செய்ததைக் கேளுங்கள். வேலைக்கு வந்த பெண் அளவுப் பாத்திரத்தைத் தன்னோடு கொண்டு வருவாள். அரை சேர் தண்ணீரை அளந்து, அந்த வீட்டுக்காரம்மாவின் சொந்தப் பாத்திரத்தில் ஊற்றுவாள். தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. அவ்வளவுதான். அவள் போன பிறகும் அந்தக் கோடு அந்த வீட்டில் இருக்கும்.

இன்னொன்றும் செய்தார்கள். கலக்கிக் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. அந்த அம்மாவையே தன் கையால் கலக்கச் சொன்னார்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சில வாரம் கழித்து வேறொருவர் வந்து, எத்தனை அம்மாக்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்று பார்ப்பார். அவர்கள் கலக்கிய கரைசலை எடுத்துப்போய் உப்பு சரியாக இருக்கிறதா என்று சோதித்தார்கள். சொல்லிக் கொடுத்தவளுக்குச் சம்பளமும் அதைப் பொறுத்துத்தான். எத்தனை வீட்டுக்குப் போனாள் என்ற கணக்கைவிட, எத்தனை அம்மாக்கள் சரியாகச் செய்கிறார்கள் என்ற கணக்குக்குத்தான் மதிப்பு. நம் மாதாந்திர ரிவியூ மீட்டிங்கில் "எத்தனை பேருக்கு சுகாதாரக் கல்வி கொடுத்தீர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும்.

ஆனால் ஆரம்பத்தில் அவர்களும் தோற்றார்கள். அம்மாக்களுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது கலக்கிக் கொடுத்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். ஏன் என்று தேடினால், காரணத்தில் பாதி சொல்லிக் கொடுத்த பெண்களிடமே இருந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்களே வேறு மருந்துதான் சாப்பிட்டார்கள். உப்பும் வெல்லமும் எப்படி மருந்தாகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. "சொல்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

அவர்களைக் கூப்பிட்டு, உடம்பில் என்ன நடக்கிறது, இது எப்படி வேலை செய்கிறது என்று உட்கார வைத்து விளக்கினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு வீடு போனபோது, கரைசலை அம்மாக்கள் முன்னால் தாங்களே ஒரு வாய் குடித்துக் காட்டினார்கள். ஆண்களை விட்டுவிட்டதும் தெரிந்தது. கடைவீதியிலும் பள்ளிவாசலிலும் ஆண் ஊழியர்கள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். 1980லிருந்து 1990க்குள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள்.

தகவல் கொண்டு போகிறவளை வெறும் தபால்காரியாக வைத்திருந்த வரைக்கும் அது தோற்றது. அவளுக்கே விஷயம் புரிந்து, நம்பிக்கை வந்த பிறகு ஜெயித்தது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

உலகம் வேறு பல வழிகளிலும் முயற்சி செய்திருக்கிறது, குறை சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்காவின் மாவட்ட சுகாதார நிலையங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களை ஒரு நீலத் தகரப் பெட்டியில் அடுக்கி அனுப்பியது. 2002இல் ஹினாரி என்ற திட்டத்தில் சுமார் 1,500 மருத்துவ இதழ்களை ஏழை நாடுகளுக்கு இணையத்தில் திறந்துவிட்டார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இப்போது நம் அரசே கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் ஆயிரக்கணக்கான இதழ்களுக்குச் சந்தா கட்டுகிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் 5,000 பேருக்கு ஒருவராக நிற்கிற உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தேவைப்படுவது தமிழில் நாலு வரி.

அந்த நாலு வரியை ஒரு சப் சென்டரில், அதாவது துணை சுகாதார நிலையத்தில், பார்த்தேன். இரும்பு பீரோவைத் திறந்தால், கதவின் உள்பக்கம் காலண்டர் அட்டையின் பின்னால், பேதிக்குக் கொடுக்கிற ஜிங்க் (துத்தநாக) மாத்திரை பற்றிப் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தது: "ஜிங்க் 20 மி.கி. மாத்திரை. 2 மாசம் முதல் 6 மாசம் வரை: அரை, தாய்ப்பாலில் கரைத்து. அதுக்கு மேல: ஒண்ணு. 14 நாள். பேதி நின்னாலும் நிறுத்தக் கூடாது." கடைசி வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. எழுதியவர் அங்கே வேலை பார்க்கும் நர்சம்மா. "ஏன்மா அதுக்கு மட்டும் சிவப்பு?" என்று கேட்டேன். "அங்கதான் மேடம் எல்லாரும் விட்டுர்றாங்க" என்றார். தன் ஊரில் எது தவறுகிறது என்று தெரிந்தவர் எழுதியது அது. நான் படித்த கையேடுகளில் அந்தச் சிவப்புக் கோட்டை நான் பார்த்ததில்லை.

இப்போது உங்களுக்குத் தகவல் பஞ்சம் இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் பி.டி.எஃப். வருகிறதாம். வருகிறது. அறுபது பக்கம், ஆங்கிலத்தில், போனில் திறக்கவே அஞ்சு நிமிஷம். அதே போனில் அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு வேறு ஒரு தகவல் தமிழில், அரை நிமிஷ வீடியோவாக வந்துவிடுகிறது. அவர் கடையில் போய் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட இனிப்புப் பானத்தை வாங்கி வந்துவிடுகிறார். சர்க்கரை அதிகமானால் குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக வெளியே இழுக்கும், பேதி கூடும். இந்தப் பெயர் மோசடியை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்காகப் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு உங்களில் எத்தனை பேருக்கு, உங்கள் மொழியில், வந்து சேர்ந்தது? கை தூக்கச் சொல்லவில்லை. உங்கள் முகமே சொல்கிறது.

அந்த மூத்த நர்சம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இன்றைக்கென்றால் அவருக்குப் பதில் உண்டு: கடையில் விற்கிற லிட்டர் தண்ணீர் பாட்டில் இன்று எல்லா வீட்டிலும் கிடக்கிறது. அதைக் கழுவி, குடிதண்ணீரை நிறையப் பிடித்து, அந்த வீட்டு சொம்பில் ஊற்றிப் பாருங்கள். எத்தனை சொம்பு வருகிறதோ அதை அந்த அம்மாவே எண்ணட்டும். பாக்கெட்டின் மேல் எத்தனை மில்லி என்று முதலில் பாருங்கள். 200 மில்லி பாக்கெட்டும் கடையில் வருகிறது, இரண்டுக்கும் ஒரே அளவு போட்டுவிடக் கூடாது.

இப்போது உங்கள் நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுங்கள். வேலையில் உங்களுக்கு வந்து, யாரிடம் கேட்டும் பதில் கிடைக்காத ஒரு சந்தேகத்தை எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். சின்னக் கேள்வி என்று எதையும் விட்டுவிட வேண்டாம். தாளைக் கிழித்து இந்தப் பெட்டியில் போட்டுவிடுங்கள். நான் கொண்டு வந்த பாடத்திட்டம் நாளைக்கு இருக்கட்டும். டீ குடித்துவிட்டு வந்ததும் இந்தப் பெட்டியைத் திறந்து முதல் தாளிலிருந்து ஆரம்பிக்கிறோம்.