சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நம் பேராக் மாநிலத்தில் பத்துகாஜா, கோப்பேங், பாப்பான் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இன்று நான் பேசப்போகும் வீடுகள் புதிதல்ல. பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிறவைதான். ஈயம் வாரிய காலத்தில் எழும்பிய வீடுகள்.

முதலில் கெல்லி கோட்டை. கோட்டை என்று வாய்க்கு வந்துவிட்டது, உண்மையில் அது ஒரு துரையின் வீடு. வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், 1890-இல் இருபது வயதில் மலாயா வந்தவர். ரப்பர்த் தோட்டம், ஈயம் இரண்டிலும் சம்பாதித்தார். முதலில் ஒரு வீடு, பிறகு 1915 வாக்கில் அதை ஒட்டியே இந்தப் பெரிய மாளிகை. மெட்ராஸ் பக்கமிருந்து கொத்தனார்களை வரவழைத்தார். செங்கல்லும் ஓடும்கூட இந்தியாவிலிருந்து வந்தன. மின்தூக்கிக்காக விட்ட குழி இன்றும் அப்படியே இருக்கிறது, மின்தூக்கி மட்டும் வரவில்லை. 1926-இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு அவர் இறந்தார், வேலை நின்றது. குடும்பம் சொத்தை விற்றுவிட்டது.

இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது மாளிகைக்குப் பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயிலைப் பற்றி. கட்டட வேலை நடக்கும்போது விஷக்காய்ச்சல் வந்து ஆட்கள் வரிசையாகச் செத்தார்கள். காய்ச்சல் என்றால் நம் ஜனங்கள் யாரிடம் போவார்கள்? அம்மனிடம்தானே. கோயில் வேண்டும் என்று துரையிடம் கேட்டார்கள், அவரும் கட்டிக்கொடுத்தார் என்று சொல்வார்கள். கோயிலில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு உருவம் நிற்கும். துரைதான் அது. துரையின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, சாந்து பூசிய கைகளின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் கொடுத்தவரை மறக்காமல் கோயில் மேலேயே ஏற்றி வைத்தது அந்தக் கைகள்தான்.

சரி, சாந்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்பு வழியாகவே வெளியே போய்விடும். இப்போது காரை உதிர்ந்தால் உடனே சிமெண்ட் வாங்கி அப்பிவிடுகிறோம். நல்ல எண்ணம்தான், ஆனால் சுவரின் மூக்கைப் பொத்துகிற வேலை. போக வழியில்லாத ஈரம் மேலே மேலே ஏறும், உப்பு பூக்கும். ஐந்தாறு மழைக்காலம் போனதும் சிமெண்ட் பலகை பலகையாகப் பெயர்ந்து விழும். உள்ளே செங்கல் மாவாக இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்பொத்தென்று வெற்றோசை வந்தால் பூச்சு உள்ளே சுவரை விட்டுப்போயிற்று.

என்ன செய்யலாம்? நம் கிந்தாப் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் மலைக்குப் பஞ்சமில்லை. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. சல்லடையில் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதமாவது ஊறப்போடுங்கள். நீறாத, அதாவது தண்ணீரில் பொங்கி மாவாகாத, குருணை ஒன்று தங்கிவிட்டாலும் பிறகு சுவரில் ஊதி, பொரி மாதிரி வெடிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல். கடல் மணல் ஆகவே ஆகாது, உப்பு. சுவரை நன்றாக நனைத்து, ஒரு தடவைக்கு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பூசி, ஒரு வாரம் விட்டு அடுத்த பூச்சு. வெயில் நேரே படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். அவசரமாகக் காய்ந்தால் வெடிப்புதான். கடைசியில் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும், பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பாப்பானைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுமத்ராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்களின் தலைவர் ராஜா பீலாவின் பெரிய வீடு அங்கே 1896-இல் கட்டியது. அதே ஊரில் கடைத்தெருவில் 74-ஆம் எண் வீடு. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தாதி சிபில் கார்த்திகேசு, அவனை எதிர்த்துக் காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தது அங்கேதான். ஒளித்து வைத்து வானொலி கேட்டதும் அங்கேதான், பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே. பாப்பான் பக்கம் போனால் அந்த 74-ஆம் எண்ணைத் தேடிப் பாருங்கள். வணக்கம்.